இரண்டாம் பருவத் தொடக்கமும் வண்ண அட்டைகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. காலாண்டு விடுமுறையில் வெயிலில் சுற்றி ஒரு சுற்றுக் கறுத்துப்போய்ப் பிள்ளைகள் திரும்பியிருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளில் நன்றாக ஓடினார்கள், பேச்சுப் போட்டியில் பரிசும் வந்தது. காலை உணவுக்கு நேரத்தோடு வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு நன்றி. மழைக்காலம் வருகிறது, குடை கொடுத்தனுப்பினால் அதில் பெயர் எழுதிவிடுங்கள். போன வருடத்துக் குடைகள் ஆறு இன்னும் என் அறையில்தான் கிடக்கின்றன.

இனி ஒரு சின்ன விஷயம். சின்னது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

விடுமுறைக்கு முன்னால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் நிறங்களின் பெயர் சொல்லிப் பழக வண்ண மின்னட்டைகள் (ஃபிளாஷ் கார்டு) கொடுத்துவிட்டோம். கட்டுக்கு 8 அட்டை, மொத்தம் 12 கட்டு. ஆசிரியர்கள் சாயங்காலம் உட்கார்ந்து வெட்டி, லேமினேஷன் போட்டது. 96 அட்டையில் 61 திரும்பி வந்திருக்கிறது. ஒன்று அடுப்பு விசிறியாக வேலை பார்த்த அடையாளத்தோடு வந்தது. ஒரு நீல அட்டையில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் துடைக்கவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அட்டை தொலையும், கிழியும். அதில் எனக்கு வருத்தமில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சிவப்பு அட்டையைத் தூக்கியதும், ஒரு பிள்ளை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, "தப்பாச் சொன்னா கரண்டிக்காம்பு" என்றான். இன்னொரு பிள்ளை எந்த அட்டையைக் காட்டினாலும் "ரெட்" என்கிறாள். எட்டில் ஒரு தடவை தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். மூன்றாவது பிள்ளை ரோஸ் அட்டையைப் பார்த்து "சங்கரா" என்றானாம், விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் வீடே சிரித்ததாம். அதிலிருந்து அவன் வாயே திறப்பதில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, பெயர் மட்டும்தான் பாக்கி.

பந்து, வாளி, பூனை என்றால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். சிவப்பை எங்கே தொடுவது? வாளியிலும் இருக்கிறது, முண்டு மிளகாயிலும் இருக்கிறது, அக்கா ரிப்பனிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே சிவப்பாகவும் இல்லை. இது போதாதென்று நம் பேச்சு வேறு. "பச்சத்தண்ணி ஏன் டீச்சர் பச்சையா இல்ல?" என்று இரண்டாம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. பச்சைப்பிள்ளை, பச்சைமீன், பச்சைப்பொய் என்று நானும் யோசித்துக்கொண்டே நின்றேன். நல்லவேளை, மணி அடித்தது.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினே இதில் ஏமாந்திருக்கிறார். சாமான்களின் பெயரெல்லாம் தெரிந்த வயதிலும் தம் பிள்ளைகளுக்கு நிறங்களின் பெயர் சரியாக வராததைப் பார்த்து, நிறக்குருடு என்றே முடிவு கட்டிவிட்டதாகவும், பிறகு அது வீண் பயமாகப் போனதாகவும் 1877-இல் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் பிள்ளைக்குத் தாமதமாகிறதே என்று பதற வேண்டாம்.

அட்டையை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் 'சிவப்பு' என்பது அந்த அட்டையின் பெயர் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. "சிவப்பா ஒண்ணு எடுத்துட்டு வா" என்று வகுப்பில் சொன்னோம். கண்ணெதிரே சிவப்பு வாளி இருக்க, நாலு பேர் பைக்குள் கையைவிட்டு அட்டையைத் தேடினார்கள். அதனால் வீட்டில் முதலில் பெயரைக் கேட்காதீர்கள். ஒரு பாட்டில் மூடியைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். சேர்த்து வைக்கப் பழகியபின் பெயர் தானாக வந்து ஒட்டும். ஒரே நாளில் எட்டு நிறமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். சாமானை முதலில் காட்டி, "இந்த வாளி சிவப்பு, இந்தக் கயிறும் சிவப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அட்டை அதற்குப் பிறகு வரட்டும். பிள்ளை 'சிவப்பு' என்றால் "இல்ல, ரெட்" என்று வெட்டவும் வேண்டாம். இரண்டும் சரி, இரண்டும் வந்துவிடும்.

பெயர் வராதது வேறு, நிறம் தெரியாதது வேறு. ஒன்றாம் வகுப்பு முடியும்போதும், சேர்த்து வைக்கும் விளையாட்டிலேயே சிவப்பையும் பச்சையையும் ஒரு பிள்ளை தொடர்ந்து மாற்றி வைத்தால் எங்களிடம் சொல்லுங்கள், கண் மருத்துவரிடம் காட்டலாம். அது பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். அடியால் மாறாது.

அப்பாக்களும் வாப்பாக்களும் இதில் எங்களைவிடப் பெரிய வாத்தியார்கள். படகில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, அது ஏன் என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் இருட்டியபின் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள், ஈரத்தில் ஒரு நிறமாக இருந்தது காய்ந்தபின் எப்படி வெளிறிப்போகிறது என்று காட்டலாம். எங்களிடம் அதற்கு அட்டை கிடையாது.

ஒன்றை மட்டும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நிறம் சொல்லவில்லை என்று பிள்ளை மேல் கை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது, எங்கள் வகுப்புகளில் பிரம்பு இல்லை. நாங்கள் கொடுத்தனுப்பும் அட்டை வீட்டில் பிரம்பாக மாறுகிறது என்றால், அட்டை கொடுப்பதை அன்றோடு நிறுத்திவிடுவேன். விருந்தாளிகள் முன்னால் நிறுத்திச் சொல்லச் சொல்வதும், தப்பாகச் சொல்வதைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுச் சிரிப்பதும் வேண்டாம். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் வந்து சொல்கிறது.

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. விடியும் முன்னே எழுந்து, நண்டு உடைத்து, கருவாடு காயப்போட்டு, ராத்திரி பத்து மணிக்கு அட்டையை எடுத்து வைத்து உட்காரும் அம்மாக்களை எனக்குத் தெரியும். நம்ம பிள்ளையாவது படித்துக் கரையேறட்டும் என்கிற அவசரம் அது. அந்த நேரத்துக்குப் பிள்ளையும் தூங்கி விழும், நமக்கும் பொறுமை இருக்காது. அன்றைக்கு அட்டையை மூடி வைத்துவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "அட்டைய ஆடு தின்னுருச்சு டீச்சர்" என்று சீட்டு எழுதி, அட்டைக்குப் பதிலாகப் பழைய சேலை, பாவாடை, தாவணித் துணிகளை வெட்டி, ஒரு நிறத்துக்கு மூன்று துண்டு வீதம் புத்தகம் மாதிரித் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பில் அதற்குத்தான் அடிபிடி. மூன்று சிவப்பும் மூன்று விதமாக இருப்பதால், 'இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு' என்று நாங்கள் ஒரு மாதமாகச் சொல்லியும் ஏறாதது இரண்டே நாளில் ஏறிவிட்டது.

பாக்கி 35 அட்டைகளில் கிடைப்பதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். கிழிந்ததாக இருந்தாலும் சரி, ஒட்டிக்கொள்வோம். அன்றைக்கு விசைப்படகுகள் கரையில் இருக்கும் என்பதால், ஜும்மா முடிந்து மாலை 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். அப்பாக்கள் அவசியம் வாருங்கள். டீ உண்டு.

இத்தனை நாளாகப் பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்புகிறீர்கள். அதற்கு எங்கள் ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்தத் துணிப் புத்தகத்தில் ஆரஞ்சு மட்டும் இல்லை. வீட்டில் ஆரஞ்சுத் துணி கிடந்தால் ஒரு சாண் கொடுத்தனுப்புங்கள்.