சட்ட ஆராய்ச்சிக்குத் தேடுபொறி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

'எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது, ஆராய்ச்சி மாணவருக்கு நூலகம் எதற்கு?' என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சமூக அறிவியலும் சட்டமும் கலந்த தலைப்பில் வேலை செய்கிறவள் நான், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் குடும்பங்கள்தான் என் தலைப்பு. முதல் மூன்று மாதம் தேடுபொறியிலேயே கிடந்தேன். நூற்றுக்கணக்கில் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் பாதி, ஒரே கட்டுரையைத் திருப்பித் திருப்பிச் சொன்னவை, மீதி பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று நின்றவை. நான் சேர்ந்த நிறுவனத்தில் நூலக அறிமுகம் என்று அரை மணி நேரம் நடந்தது, எத்தனை புத்தகம் எடுக்கலாம், தாமதமானால் எவ்வளவு அபராதம், அவ்வளவுதான். சட்டப் பிரிவுக்கென்று தனியாக ஒரு நூலகர் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் தற்செயலாகத்தான் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 'வெளியேற்றம்' என்றேன். நூலகப் பட்டியலில் 'வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும்' என்றே ஒரு பொருள் தலைப்பு, அதாவது ஒரே விஷயத்தைப் பேசும் புத்தகங்களைச் சேர்த்துக் காட்டும் தலைப்பு, இருக்கிறது, அதன்கீழ் தேடுங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நான் மூன்று மாதம் தேடியும் கண்ணில் படாத புத்தகங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அப்புறம் எண்களைச் சொன்னார். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் சமூக அறிவியல் முழுக்க 300களில் வருகிறது, சட்டமும் அதற்குள்ளேதான், 340களில். ஆனாலும் வீட்டுவசதிப் பிரச்சினை 363.5இல் இருக்கும், சொத்துச் சட்டம் 346.04இல் இருக்கும். ஒரே குடும்பம் தெருவுக்கு வந்த கதையைப் பேசும் இரண்டு புத்தகங்கள் இப்படி வேறு வேறு அலமாரிகளுக்குப் போய்விடுகின்றன, சட்ட நூலகம் தனியாக இருக்கும் இடங்களில் வேறு கட்டிடத்துக்கே போய்விடுகின்றன. இதை எந்தத் தேடுபொறி எனக்குச் சொல்லியிருக்கும்?

அந்த வாசகர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டத் தகவல் நிறுவனமும், 1995இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஆஸ்ட்லீ என்ற இணையச் சட்டத் தொகுப்பும் சட்டங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டவை. சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று 2002இல் மாண்ட்ரியால் பிரகடனமே வந்தது. மனமார வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு தீர்ப்பு இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, அது இன்னும் செல்லுபடியாகுமா என்று தெரிவது வேறு. மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்ட ஒரு தீர்ப்பை நம்பி நான் ஓர் அத்தியாயமே எழுதி, என் ஆய்வு வழிகாட்டி பார்த்துச் சொன்ன பிறகு அத்தனையையும் தூக்கிப் போட்டேன். ஒரு தீர்ப்பைப் பின்னால் யார் பின்பற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று தொடர்ந்து பதிவு செய்யும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் சந்தா கட்டினால்தான் கிடைக்கும். அந்தச் சந்தாவைக் கட்டுவது நூலகம்தான்.

ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் எஸ்.எஸ்.ஆர்.என். தளமும் அப்படித்தான், 1994இலிருந்து இருக்கிறது, அள்ள அள்ளக் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பவற்றில் நிறைய, சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முந்தைய வரைவுகள். இதழில் வெளிவந்த வடிவம் வேறு மாதிரி இருக்கலாம், அதையும் தேடி எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

சமூக அறிவியல் பக்கம் வந்தால், கட்டுரைகளை விட எனக்கு அதிகம் உதவியது தரவுக் காப்பகங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இலிருந்து ஐ.சி.பி.எஸ்.ஆர். என்ற காப்பகம், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இலிருந்து பிரிட்டனின் தரவுக் காப்பகம். மற்றவர்கள் நடத்திய கணக்கெடுப்புகளின் மூலத் தரவும், மக்களிடம் என்ன கேள்வியை எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பதும் அங்கே சேர்ந்தே கிடைக்கின்றன. இதை அறியாமல் நான் புதிதாகக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன்! இதைச் சொன்னவரும் அதே நூலகர்தான். எங்களிடம் இல்லாத பழைய ஆய்வறிக்கை ஒன்றை இன்னொரு நூலகத்திலிருந்து ஸ்கேன் செய்து வரவழைத்துத் தந்ததும் அவர்தான்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது. என் மூன்று மாதம் போனது போனதுதான். அதனால் நூலகங்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன், எந்தத் துறைக்கு எந்த நூலகர், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள். ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே அவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, இதுவரை தேடிப் பார்த்த சொற்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போனால் அவராலும் அதிகம் உதவ முடியாது.

ஆசிரியரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீர்ப்புகள் பற்றிய செய்திகளில் வழக்கின் பெயர், நீதிமன்றம், தீர்ப்பு வந்த நாள் மூன்றையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். 'நீதிமன்றம் கூறியது' என்ற ஒற்றைக் குறிப்பை வைத்துக்கொண்டு நூலகரும் நானும் ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி ஒருவர்