ஆயிரம் ரூபாய் எதற்குப் போதும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும் பணக்காரர்கள் பெருகுவதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இ.பி.எஸ். 95 எனப்படும் 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் (பி.எஃப். அலுவலகம் நடத்துவது) ஓய்வூதியர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பஞ்சாலை, அச்சகம், தனியார் கம்பெனி என்று உழைத்து ஓய்ந்தவர்கள். இவர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அது நகரவில்லை. அகவிலைப்படியும் கிடையாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கினால் அப்புறம் சிலிண்டருக்கு மிஞ்சாது.

சரி, நடுத்தரச் சம்பளக்காரர் தப்பித்தாரா? ஓய்வூதியக் கணக்கில் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு, அதுவும் 2014இல் வைத்ததுதான். நாற்பதாயிரம் வாங்கியவருக்கும் பெரும்பாலும் இதே கணக்கு. திட்டத்தின் கணக்குப்படி 33 ஆண்டு பணியோடு 2 ஆண்டு சலுகையும் சேர்த்து, 15,000ஐ 35ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் 7,500 ரூபாய். ஒரு சிறிய வீட்டு வாடகைக்குச் சரியாக இருக்கும்.

முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் மட்டும் 2025 மார்ச்சில் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு! விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துத்தான் உயர்த்தினார்களாம். அந்தக் குறியீடு ஆலைத் தொழிலாளிக்குப் பொருந்தாதா?

நிதி இல்லை என்ற பதிலை ஏற்க முடியவில்லை. 2019இல் கம்பெனிகளுக்கான வரியை 22 சதவீதமாகக் குறைத்தபோது அந்தக் கவலை எழவில்லை. ஓய்வூதியர் சங்கங்கள் கேட்பது குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். அடுத்த பட்ஜெட்டிலாவது அறிவிக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி, சிங்காநல்லூர், கோவை.