விக்டோரியா ஹால் நாடக நோட்டீஸ்களைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பழைய நாடக நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து காக்க, தில்லைக் கூத்தபிரான் அருளால் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. ஐப்பசி மழைக்குள் முடிக்க இன்னும் ரூ.1,56,500 வேண்டும்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா ஹால் என்ற அந்தச் செங்கல் மண்டபத்தைச் சென்னையில் அறியாதவர் உண்டா? 1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய பெரியவர்கள், நகருக்கென ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று பேசினார்கள். மறு வருஷம் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து கொடுக்க, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் 1888-ல் தொடங்கி 1890-ல் கட்டி முடித்தார். அதுவும் நன்கொடையில் எழுந்ததுதான். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகம் ஆடுபவனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய காலம் அது. அப்போது படித்த வக்கீல்கள் அரிதாரம் பூசி, பெண் வேஷம் கட்டி அங்கே மேடையேறினார்கள். 1897-ல் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான்.

கட்டடத்தைச் சீரமைக்கும் பொறுப்பை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. சரி, அங்கே ஆடியவர்களின் அடையாளம்? அவர்கள் வீட்டுப் பரண்களிலிருந்து நாங்கள் சேர்த்தது சுமார் 7,000 நோட்டீஸ். போன மாதம் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரோஸ் நிறத் தாள் ஒன்றில் 'இரவு சரியாக 9½ மணிக்கு' என்ற வரி மட்டும் மிச்சம். நாடகத்தின் பெயரை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கையில் எடுத்ததும் தாள் உதிர்ந்தது.

ஸ்கேனர் ரூ.1,60,000. அமிலமில்லாத உறை, பெட்டி ரூ.70,000. இரண்டு பேருக்கு ஆறு மாதச் சம்பளம் ரூ.1,44,000. புது அறைக்கு முன்பணம் ரூ.46,000. ஆக ரூ.4,20,000. ஒரு நோட்டீஸுக்கு 60 ரூபாய்தான் ஆகிறது.

இதுவரை ரூ.2,63,500 தந்த உள்ளங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! முதல் பென்ஷனை அப்படியே கொண்டுவந்து கொடுத்த ஆசிரியை அம்மா, மாதம் தவறாமல் நூறு ரூபாய் தரும் தையல்கார ஐயா, தாத்தாவின் ஜிகினா கிரீடத்தோடு ஐயாயிரமும் தந்த பேரப்பிள்ளைகள், உண்டியலை உடைத்து எண்ணாமலே கொட்டிய சிறுமி, எல்லோரும் குடும்பத்தோடு நீடூழி வாழ வேண்டும்.

அப்புறம், பெயர் எழுதிக் கொடுத்து இன்னும் பணம் தராத முப்பத்தொன்பது அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை நம்பித்தான் ஸ்கேனருக்கு முன்பணம் கட்டினோம். உங்களில் பலருடைய தாத்தா பெயர் அந்தத் தாள்களில் இருக்கிறது. அதைப் பூச்சி தின்னட்டும் என்று விடலாமா?

புரட்டாசி கடைசிக்குள் இப்போதைய அறையைக் காலி செய்ய வேண்டும். அதன் ஓடு ஒழுகுகிறது. ஞாயிறு காலை பொருளாளர் அங்கேயே இருப்பார். பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பரணில் பழைய நோட்டீஸ் இருந்தால் மடிக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்