எங்களை நம்பி வேலை கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற மாணவர் சேவை அமைப்பின் புதிய சாப்டர், அதாவது கிளை, முறைப்படி தொடங்கிவிட்டது. அங்கீகாரப் பட்டயமும் கைக்கு வந்துவிட்டது. அதில் இருப்பவை மாணவர்களாகிய எங்கள் கையெழுத்துகள் மட்டும்தான். அந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களின் பெயர்கள் அதில் இல்லை. ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் ஏற்கெனவே எல்லோருக்கும் போய்விட்டது. ஆனால் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரில் எங்களை அரவணைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரில் இருக்கும் எங்கள் பெற்றோருக்கும் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

முதல் நன்றி அம்மாவுக்கு. ஃபிரெட்டர்னிட்டி (அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கம்) என்று சொன்னதுமே அம்மா பயந்துவிட்டார். அந்தப் பயம் நியாயமானது. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதை நாளிதழில் படித்த தலைமுறை அவர். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளிலும் ஃபிரெட்டர்னிட்டிகளில் புதிதாகச் சேரவந்த பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். எங்களுடையது அந்த வகை இல்லை, இது சேவைக்காகவே இருப்பது, உறுப்பினர்கள் சேர்ந்து தங்கத் தனியாக வீடு கிடையாது, ஆண் பெண் இருபாலரும் உண்டு, ராகிங்குக்கு அறவே இடமில்லை என்று நான் போனில் எவ்வளவு சொல்லியும் அம்மா சமாதானமாகவில்லை. இங்கிருக்கும் அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்துக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "நான் நேரிலேயே போய்ப் பார்த்துட்டேம்மா, பிள்ளைங்க நல்ல வேலைதான் செய்றாங்க" என்றார். அக்கா, அந்த ஒரு போன் இல்லாவிட்டால் நான் அன்றே விலகியிருப்பேன்.

ஆல்ஃபா ஃபை ஒமேகா பிறந்தது 1925 டிசம்பர் 16-ஆம் தேதி, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் உள்ள லஃபாயெட் கல்லூரியில். முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்து படித்த ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் என்ற மாணவர், சாரணர் இயக்கத்தின் பண்புகளைக் கல்லூரிக்குள்ளும் கொண்டுவர நினைத்துத் தொடங்கியது. தலைமை, நட்பு, சேவை என்ற மூன்றும்தான் இதன் அடிப்படை. சாரணராக இருந்தவர்கள்தான் சேரலாம் என்ற நிபந்தனை 1967-இல் போனது. 1976-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. அதற்காக அன்று வாதாடிய அத்தனை பேருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. எங்கள் சாப்டரைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு பெண்களுடையது.

சாப்டர் ஆவதற்கு முன்னால் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குழுவாக இருக்க வேண்டும். சேவை செய்கிறோம் என்று அப்போதே காட்டியாக வேண்டும். ஆனால் யாருக்கும் தெரியாத ஒரு மாணவர் கூட்டத்தை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? சில இடங்களில் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஊர் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஃபுட் பேன்ட்ரி (இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் இடம்) நடத்தும் அம்மையார் மட்டும் வேறு எதுவும் கேட்காமல், "சனிக்கிழமை காலை வாருங்கள்" என்றார்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் எனக்கு மறக்காது. நன்கொடையாக வந்த தகர டப்பா ஒவ்வொன்றையும் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. விளிம்பிலோ ஒட்டுப் போட்ட இடத்திலோ நசுங்கியிருந்தால், அல்லது மூடி உப்பியிருந்தால், அது குப்பைக்குத்தான். "உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டீர்கள் என்றால் இங்கேயும் வைக்காதீர்கள்" என்பார். வரிசையில் வருபவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கலாம், ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் மனுவில் எழுதிய சேவையில் பெரும்பகுதி அந்த அடித்தளத்தில் செய்ததுதான். உதவி செய்யப் போனோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எங்களைச் சேர்த்துக்கொண்டு உதவி செய்தவர் அவர்.

ரத்ததான முகாமிலும் அப்படித்தான். மலேரியா உள்ள நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் அங்கிருந்து கிளம்பி 3 ஆண்டுகள் ஆகும்வரை ரத்தம் கொடுக்க முடியாது என்பது இங்குள்ள விதி. முகாம் ஏற்பாடு செய்த எனக்கே கொடுக்க முடியவில்லை. வருத்தப்பட்டு நின்ற என்னை முகாமின் செவிலியர் கூப்பிட்டு ஜூஸ் மேசையில் உட்கார வைத்தார். ரத்தம் கொடுத்தவர்கள் 10, 15 நிமிடமாவது அங்கே உட்கார வேண்டும். முகம் வெளிறுகிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "வாட்டசாட்டமான பையன்கள் எனக்கு ஒன்றுமில்லை என்று சட்டென்று எழுந்துவிடுவார்கள், அவர்களை விடாதே" என்றார். அன்று சாயங்காலம்வரை யாரையும் விடவில்லை, மேடம்.

பக்கத்துப் பல்கலைக்கழகச் சாப்டரின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. தங்கள் தேர்வுகளுக்கு நடுவிலும் பனியில் கார் ஓட்டிவந்து, எங்கள் விதிமுறை வரைவை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தீர்கள். எங்களுக்கு ஆலோசகராக இருக்க ஒப்புக்கொண்ட பேராசிரியருக்கும், அறை பதிவு முதல் வங்கிக் கணக்கு வரை சலிக்காமல் வழிகாட்டிய மாணவர் நல அலுவலக ஊழியர்களுக்கும் நன்றி.

தொடக்க விழாவுக்கு வந்த அத்தனை பேருக்கும் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து சுடச்சுடக் கொண்டுவந்த மாமிமார்களே, வெளியூர்ச் சாப்டர்களிலிருந்து வந்தவர்கள் செய்முறை கேட்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். இந்த வாரம் வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறோம்.

ஃபுட் பேன்ட்ரி வேலை வழக்கம்போலச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் நவம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் ஆள் குறைகிறது. நேரம் இருப்பவர்கள் சொல்லுங்கள், டப்பா பார்க்கும் முறையை நானே கற்றுத் தருகிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
சேவைப் பிரிவுத் துணைத் தலைவர்