மஞ்சக் குடத்துக்கு ஒரு நன்றி

டிபிக்கு, அதான் காசநோய்க்கு, போட்டுக்கிட்டிருந்த மாத்திரையில கடைசி வேளையும் நேத்து முழுங்கியாச்சு. காலி அட்டையைத் தூக்கிப் போட மனசு வரல, டிவி மேல வெச்சிருக்கேன். சளிப் பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னு இன்னிக்குக் காலையில சொல்லிட்டாங்க. கை இன்னும் நடுங்குது. எழுத்து முன்னப்பின்ன இருந்தா மன்னிச்சுக்கங்க.

என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். கூட இருந்து பார்த்தவங்க நீங்க. அதைத் திருப்பி எழுத எனக்குத் தெம்பு இல்ல, அவசியமும் இல்ல.

டிபி வந்தவங்க வீட்டுக்கே வந்து உதவி பண்ற சங்கத்தோட பேரைப் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. பேர் எழுதின வண்டி சந்துக்குள்ள நுழைஞ்சாலே எந்த வீட்டு வாசல்ல நிக்குதுன்னு தெருவே எட்டிப் பார்க்கும், அதனாலதான் பலகை, பேனர் ஒண்ணும் இல்லாம சொந்தக்காரங்க மாதிரி வந்துட்டுப் போறவங்க அவங்க. சரி, பேர் இல்லாமலே இருக்கட்டும். நான் யாரைச் சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியும்.

முதல்ல குடத்தைப் பத்திச் சொல்லிடறேன். மத்ததெல்லாம் அப்புறம்.

எங்க வியாசர்பாடி சந்துல தண்ணி எப்படின்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது. முனையில ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்க். மெட்ரோ வாட்டர் லாரி வந்து அதை ரொப்பிட்டுப் போகும். லாரி வர்றதுக்கு முன்னாடியே குடங்க வரிசை கட்டிடும். ஆள் நிக்க வேணாம், குடம் நின்னா ஆள் நின்ன மாதிரி. எங்க குடம் பச்சை, கழுத்துல சிவப்புக் கயிறு.

மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். குடத்தை வெச்சுட்டு வாசப்படியில உக்காந்துட்டேன், நிக்க முடியல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா என் குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவுல ஒரு முழம் இடம் விட்டிருந்தாங்க. எனக்கு முன்னால இருந்த குடமும் அப்படித்தான் தள்ளி நின்னுச்சு. யாரும் ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். அடுத்த தடவை ரெண்டு முழம் ஆச்சு. அதுக்கடுத்த தடவை குடம் வரிசையிலயே இல்ல. தள்ளி சுவரோரமா, கோவிச்சுக்கிட்டு நிக்கற புள்ளை மாதிரி தனியா நின்னுச்சு. எல்லாரும் பிடிச்சு முடிச்சப்புறம் டேங்க் அடியில கலங்கல்தான் மிச்சம்.

சங்கத்துல இருந்து செவ்வாய்க்கிழமை ஒரு அக்கா வருவாங்க. பையன் அவங்களுக்கு வெச்ச பேரே செவ்வாக்கெழம அக்கா. துணிப்பையில எடை மிஷினைப் போட்டுத் தூக்கிட்டு வருவாங்க. எடை பார்க்கறது, அட்டையில மாத்திரையை எண்ணறது, வாந்தி வந்துச்சா, கண்ணு மஞ்சளா இருக்கான்னு கேக்கறது, அவ்வளவுதான் அவங்க வேலை. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், ரத்தம்னு பயந்துடாதேன்னு முதல் நாளே சொல்லி வெச்சவங்க. அதைச் சொல்லாம விட்டிருந்தா அன்னிக்கே நான் மாத்திரையை நிறுத்தியிருப்பேன்.

குடத்தைப் பத்தி நான் அவங்ககிட்ட மூச்சு விடல. குடிக்கக் கேட்டாங்க, இருந்த தண்ணியை டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க. குடிக்கல. (உண்மையைத்தான் எழுதறேன்.) "ஏம்மா இப்படிக் கலங்கியிருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம எடையை நோட்டுல எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்குச் சப்புன்னு போச்சு.

அடுத்த லாரி வியாழக்கிழமை. அக்கா வர்ற நாளே இல்ல. ஆறு மணிக்கு எட்டிப் பார்க்கறேன், கையில ஒரு மஞ்சக் குடத்தோட நிக்கறாங்க. அவங்க வீட்டுல உள்ளுக்குள்ளயே குழாய் இருக்கு. லாரித் தண்ணி அவங்களுக்கு எதுக்கு? சுவரோரமா நின்ன என் குடத்தை எடுத்து வரிசையில வெச்சாங்க. அதுக்குப் பின்னாடி அவங்க குடத்தை வெச்சாங்க, ரெண்டும் இடிச்சு டக்குனு சத்தம் வர்ற மாதிரி. அப்புறம் பக்கத்துல நின்னவங்ககிட்ட முருங்கைக்கீரை என்ன விலைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னிக்கு நோயைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. விழிப்புணர்வு, நோட்டீஸ், எதுவும் இல்ல. தன் முறை வந்ததும் ரெண்டு குடத்தையும் பிடிச்சு எங்க வீட்டுல எறக்கி வெச்சுட்டு, காலிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இப்படியே பதினோரு வாரம். நடுவுல ஒரு நாள் குடம் கை தவறி விழுந்து அடி விட்டுப் போச்சு. கத்தியைக் காய்ச்சி ஒட்டிக்கிட்டு மறுவாரமும் அதே குடத்தோட வந்தாங்க.

நாலாவது வாரமோ என்னவோ, எங்க எதிர்வீட்டுப் பாட்டிதான் கேட்டாங்க: "உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"எனக்கே வந்து போச்சு பாட்டி. இனிமே பயந்து என்ன பண்ண?"

அதுக்கப்புறம்தான் பேச்சு ஆரம்பிச்சுது. தண்ணியில ஒட்டாது, குடத்துல ஒட்டாது, இருமறப்ப காத்துலதான் பரவும், மாத்திரை ஒழுங்கா போட ஆரம்பிச்சா சில வாரத்துலயே அதுவும் வெகுவா குறைஞ்சிடும்னு சொன்னாங்க. பாட்டி விடல. "அந்தக் காலத்துல தாம்பரம் சானடோரியம், அந்த டிபி ஆஸ்பத்திரியிலல்ல கொண்டு போய் வெப்பாங்க, வீட்டுல வெச்சா எப்படி?"ன்னாங்க. அப்பத்தான் அக்கா சேத்துப்பட்டு கதையைச் சொன்னாங்க. 1956-ல அங்க ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்களாம். நம்ம மெட்ராஸ்ல நெருக்கடியான இடங்கள்ல இருந்த ஏழைப்பட்ட நோயாளிங்கள்ல ஒரு பங்கை சானடோரியத்துல நல்ல சாப்பாடு, ஓய்வோட வெச்சும், ஒரு பங்கை அவங்கவங்க வீட்டுலயே வெச்சும், ரெண்டு பக்கமும் ஒரே மருந்தைக் குடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாச்சு. வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்துக்கு அதனால கூடுதலா நோய் வரவும் இல்ல. 1959-ல முதல் முடிவு வெளியாச்சு. உலகம் முழுக்க வீட்டுல இருந்தே வைத்தியம் பார்க்கற வழக்கத்துக்கு அதுதான் பெரிய காரணம்.

"நம்ம மாதிரி ஜனங்க வீட்டை வெச்சுத்தான் பாட்டி அதைக் கண்டுபிடிச்சாங்க"ன்னாங்க அக்கா. நான் வாசப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். வீட்டு வேலைக்குப் போறப்ப அந்த ஆராய்ச்சி நிலையத்து வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். எத்தனை வருஷம் ஜன்னலோரமா உக்காந்து பார்த்திருப்பேன், என்ன ஆபீஸ்னுகூட யோசிச்சதில்ல.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மஞ்சக் குடம் வரல. பதறிப் போய் வெளிய வந்தேன். என் பச்சைக் குடத்துக்குப் பின்னாடி பாட்டியோட எவர்சில்வர் குடம் ஒட்டிக்கிட்டு நிக்குது. பாட்டி என்னைப் பார்க்கவே இல்ல. "வெயில்ல நிக்காதடி, உள்ள போ"ன்னு மட்டும் அதட்டினாங்க. அக்கா எங்கயிருந்தோ பார்த்துட்டுத்தான் நின்னிருக்காங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது.

குடத்தை நகர்த்தினவங்க மேல கோபமே இல்லைன்னு எழுதினா அது பொய். இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா நானும் யோக்கியம் இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல, தெருக்கோடியில ஒருத்தர் ராத்திரி பூரா இருமுவார். அவர் வீட்டைத் தாண்டறப்ப மூக்கை முந்தானையால மூடிக்கிட்டு, கைப்பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாத்திக்குவேன். அவருக்கு யார் தண்ணி பிடிச்சாங்களோ. இந்த ஆறு மாசத்துல அவர் ஞாபகம் வராத நாள் இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சேன். எங்க ஒத்தை ரூமுக்கு ஜன்னலே கிடையாது. குடுக்கற வாடகைக்கு அப்படித்தான் கிடைக்கும். காத்து வராத வீட்டைத் தேடித்தான் இந்த நோயும் வருது. மாத்திரை இலவசம், ஜன்னல் இலவசம் இல்லையே! சங்கத்துக்காரங்க ஹவுஸ் ஓனர்கிட்ட மூணு தடவை நடந்து, பின்சுவரை உடைச்சு ஒண்ணரை அடிக்கு ஒரு ஜன்னல் வைக்க வெச்சாங்க. வாடகை ஏத்தக் கூடாதுன்னும் பேசி முடிச்சாங்க. இப்ப காலையில எட்டு மணிக்கு அது வழியா ஒரு துண்டு வெயில் பாய் மேல விழுது.

மத்தவங்களை ஒண்ணாச் சேர்த்து எழுதறேன், தப்பா நினைக்காதீங்க. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில முதல் நாள் கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்த்து, பிடிக்காம எழுந்து நில்லுன்னு சொல்லி, நான் தடுமாறினதும் அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பின சிஸ்டர். ஆதார் ஒட்டாம கிடந்த பேங்க் கணக்கைச் சரி பண்ணி, மாசம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வர வெச்ச சங்கத்துத் தம்பி (முன்ன 500 தானாம், 2024 நவம்பர்ல இருந்துதான் ஆயிரம்). அந்தப் பணம் வர்ற வரைக்கும் முட்டையைக் கடன் நோட்டுல எழுதாமலே குடுத்த கடைக்கார அண்ணன். பையனுக்கு டெஸ்ட் எடுத்து, தடுப்பு மாத்திரையை மறக்காம போட வெச்ச நாத்தனார். வாடகைக்கு அவகாசம் வாங்கிக் குடுத்த கீழ்வீட்டு மாமா. உங்க எல்லாருக்கும் கும்பிடு.

36 கிலோவுல ஆரம்பிச்சேன். போன செவ்வாய்க்கிழமை 45. அக்கா ரெண்டு தடவை ஏறச் சொல்லிப் பார்த்தாங்க, மிஷின் பொய் சொல்லுதோன்னு.

அடுத்த மாசம் சங்கத்துல, குணமானவங்களுக்குப் பயிற்சி இருக்கு. பேர் குடுத்திருக்கேன். எடை மிஷினைத் தூக்கற அளவுக்குத் தெம்பு வந்தாச்சு. எனக்கு வெள்ளிக்கிழமை குடுங்கன்னு கேட்டிருக்கேன். யார் வீட்டுக்குப் போறேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், தெருவுல யாரும் கேக்கவும் கேக்காதீங்க.

அக்கா, ஒட்டுப் போட்ட அந்தக் குடம் இன்னும் ஒழுகுதுன்னு எனக்குத் தெரியும். மார்க்கெட்ல புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். மஞ்சள் கிடைக்கல, ஊதாதான் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை வர்றப்ப வேணாம்னு சொல்லாம எடுத்துட்டுப் போங்க.