நீர்வழித் தட ஆர்வலர் கூடுகைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வாஷிங்டன் மாநிலத்தில், போர்ட் டவுன்செண்ட் ஊரை ஒட்டியுள்ள ஃபோர்ட் வோர்டன் கடலோரப் பூங்காவில், நீர்வழித் தடங்களை, அதாவது சிறு படகில் செல்வோர் ஆங்காங்கே கரையேறித் தங்க இடங்கள் கொண்ட நீர்ப்பாதைகளை, பேணி வருவோர் இரண்டு நாள் கூடிப் பேச ஏற்பாடு செய்து வருகிறோம். அச்செலவில் ஒரு பங்கைத் தாங்களும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

தண்ணீரில் தடம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். கடலில் துடுப்புப் போடுவதை யாரும் தடுப்பதில்லை, கரையேறுவதில்தான் சிக்கல். 1889-இல் மாநிலமானது முதல் 1971 வரை, ஓதம் ஏறி இறங்கும் கரைநிலத்தை அரசே தனியாருக்கு விற்று வந்ததால், இம்மாநிலத்துக்குள் நீண்டு கிடக்கும் பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடல் நெடுகிலும் படகோட்டி கால் வைக்க முடியாத கரைகள் மிகுதி. கை ஓய்ந்து, காற்றும் எதிர்த்து, பொழுது சாயும் வேளையில் கூடாரம் அடிக்க ஒரு துண்டு நிலம் கிடைக்காமற்போவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காகத்தான் 1993-இல் காஸ்கேடியா கடல்வழித் தடம் திறக்கப்பட்டது. ஒலிம்பியா பக்கத்திலிருந்து கனடா எல்லை வரை 140 மைலுக்கு மேல் நீளும் அத்தடத்தில், துடுப்பாலோ பாயாலோ செல்லும் சிறு படகுகளில் வருவோருக்கென 50க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் உள்ளன. அவற்றைக் கூட்டிப் பெருக்கி, புயலில் கரையொதுங்கும் மரங்களை அகற்றிப் பராமரிப்பதில் சம்பளம் வாங்காத தொண்டர்களின் உழைப்பு பெரிது.

ஃபோர்ட் வோர்டன் 1902 முதல் 1953 வரை ராணுவக் கோட்டையாக இருந்தது. கேசி, ஃபிளாக்லர் கோட்டைகளோடு சேர்ந்து பகைக் கப்பல்களை மறிக்கக் கட்டப்பட்டது. கலங்களைத் தடுக்க எழுப்பிய இடத்துக்கே படகுக்காரர்களை அழைப்பதில் எங்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. வேறொரு காரணமும் உண்டு. அங்கே வில்சன் முனையில், 1914-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றால், ஓதம் வடியும்போது எழும் நீரோட்டம் எதிர்க்காற்றோடு மோதிக் குட்டையான, செங்குத்தான அலைகளாகக் குமுறுவதைக் கண்ணாலேயே காணலாம். புதிதாய்த் துடுப்புப் பிடிப்போருக்கு அதைக் கரையிலிருந்து காட்டிய பிறகே படகில் ஏற்றுவதாக இருக்கிறோம்.

கூடத்துக்கும் தங்கும் அறைகளுக்கும் வாடகை, தொலைவிலிருந்து வரும் தொண்டர்களின் வழிச்செலவு, தங்குமிடச் சீரமைப்புக்கான கருவிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே நன்கொடை செலவாகும். குழுவினர் தத்தம் செலவைத் தாமே ஏற்கின்றனர். பத்து டாலராயினும் நூறாயினும் ரசீது தரப்படும். கூடுகை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணமாகத் தர இயலாதோர் உயிர்காப்பு அங்கி, துடுப்பு, கூடாரம் முதலியவற்றை அந்த இரண்டு நாளுக்கு இரவலாகத் தந்தாலும் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம்.

இங்ஙனம்,
கூடுகை ஏற்பாட்டுக் குழுவினர்