பினாங்குக்குப் போனவர்களின் பெயரையும் படியுங்கள்

மருது பாண்டியர் நினைவு விழாக்களை நடத்தும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். கிழக்கிந்தியக் கும்பினியாரை (கம்பெனியாரை) எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் நீங்கள் மாலை அணிவிப்பதும் உரைகள் நிகழ்த்துவதும் போற்றத்தக்கவையே. ஆயினும் இம்முறையும் நான் கேட்ட அத்தனை உரைகளும் தூக்குமரத்தோடு முடிந்துபோயின. அதற்கு நான்கு மாதங்கள் கழித்து, 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட போராளிகள் எழுபத்து மூவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர்களுள் ஒருவர் துரைச்சாமி; சின்ன மருதுவின் மகன், அப்போது மீசைகூடச் சரியாக அரும்பாத பையன். சின்ன மருதுவிடம் ஈட்டியும், வளரி என்னும் வளைந்த எறிதடியும் எறியக் கற்றுக்கொண்டு, பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1818இல் பினாங்குக்குச் சென்றபோது தம்முன் வந்து நின்ற தளர்ந்த மனிதர் யாரென்று அறியாமல் விழித்ததாகவும், துரைச்சாமி என்று அவர் தம் பெயரைச் சொன்ன பிறகே அடையாளம் கண்டதாகவும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முப்பதைச் சற்றே கடந்திருக்க வேண்டிய ஒருவர் கிழவராகத் தோன்றினார் என்றால், இடையில் கழிந்த பதினாறு ஆண்டுகள் எப்படிப்பட்டவையாக இருந்திருக்கும்! தூக்கிலிட்டால் ஊரே கூடி அழும், நடுகல் எழும், கதைப்பாடல் பிறக்கும் என்பது கும்பினியாருக்குத் தெரியாததன்று. கடல் கடத்தினால் அழுவதற்கு உடலும் இல்லை, திதி கொடுக்க நாளும் தெரியாது. சிவகங்கை அரியணையில் இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரே சுமத்ராவின் பென்கூலனில் 1802ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார் என்றால், பெயர் தெரியாத சேர்வைகாரரின் கதியைக் கேட்பானேன்.

அந்த எழுபத்து மூவரின் பெயர்களையும் உங்கள் மேடையில் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். கும்பினி ஆவணங்களில் உள்ள அவர்களின் பட்டியலை ஆய்வாளர்கள் முன்பே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். புதிதாகத் தேடி அலைய வேண்டியதில்லை. நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மேடையில் அமர்ந்திருப்போரை "அவர்களே, அவர்களே" என்று விளிப்பதற்கே நாம் அரைமணி நேரம் செலவிடுகிறோம் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். பாஞ்சாலங்குறிச்சியாரும் சிவகங்கையாரும் ஒரே கப்பலில் போனார்கள். எந்த ஒரு சாதியும் அந்தப் பட்டியலைத் தனக்கே உரியதென்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால்தான் அதற்கு விழா எடுக்க ஆளில்லையோ என்று ஐயுறும் நிலைக்கு என்னைப் போன்றவர்கள் தள்ளப்பட்டிருக்கிறோம். கம்பத்துக்குக் கம்பம் கட்டப்படும் பதாகைகளில் தியாகிகளின் படம் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டு, வாழ்த்துவோரின் படம் நடுவில் சிரிப்பதைப் பற்றியும் எழுதலாம். அது வேறு வழக்கு.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த அக்டோபரில் அந்த எழுபத்து மூன்று பெயர்களையும், தெரிந்த அளவில் அவரவர் ஊர்ப் பெயரோடு, மேடையில் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். பட்டியலை அச்சிட்டு வருவோருக்கு வழங்கவும் வேண்டுகிறேன். தங்கள் பாட்டனின் பெயர் அதில் இருப்பதை அறியாத குடும்பங்கள் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்.

இப்படிக்கு,
சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஒருவன்